நீலகிரியில் இரண்டரை நாள்: பறவை பார்க்க எங்கே நிற்பது, எதைத் தவிர்ப்பது?

திருச்சிப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் நடுவில் என் தந்தையாருடன் உதகையில் இரண்டரை நாள் தங்கப் போகிறேன். அவருக்கு வயது 68. முழங்கால் வலி இருப்பதால் சமதளத்தில் அரை கிலோமீட்டர் நடப்பார். ஏற்றம் அவரால் முடியாது. நாங்கள் இருவரும் நான்கு ஆண்டுகளாகக் குளிர்காலந்தோறும் கரைவெட்டி ஏரிக்குப் போய்ப் பறவை பார்த்துப் பழகியவர்கள். பட்டைத்தலை வாத்துகளைக் கரையில் நின்றபடியே எண்ணியிருக்கிறோம். ஆனால் மலைக்காட்டில் பறவை பார்த்த அனுபவம் இருவருக்குமே இல்லை.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன். முதல் நாள் பிற்பகலில் தாவரவியல் பூங்காவும் தொட்டபெட்டாவும். இரண்டாம் நாள் காலையில் அவலாஞ்சி, மாலையில் குன்னூர் சிம்ஸ் பூங்கா. மூன்றாம் நாள் காலையில் கோத்தகிரி லாங்வுட் சோலை, பிறகு கோடநாடு காட்சிமுனை, அங்கிருந்து மசினகுடிக்கு இறங்கிப் பாறுக் கழுகுகளைப் பார்த்துவிட்டு இரவில் ஊர் திரும்புவது. நீலகிரிச் சிரிப்பான், சோலைக்கிளி, கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், நீலகிரி நெட்டைக்காலி, நீலகிரிக் காட்டுப்புறா ஆகிய ஆறையும் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

என் நண்பர் ஒருவர், குரல் பதிவைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு சிறிய ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டால் ஒளிந்திருக்கும் பறவைகள் தாமாகவே வெளியே வந்துவிடும், அதிகம் நடக்க வேண்டியதில்லை என்கிறார். அப்படிச் செய்யலாமா? திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்? எங்களிடம் 10x25 அளவுள்ள சிறிய பைனாகுலர் ஒன்று இருக்கிறது, அது போதுமா?

கோத்தகிரிவாசி:

வணக்கம் ஐயா. தந்தையாரை அழைத்துக்கொண்டு பறவை பார்க்க வருகிறீர்கள் என்பதைப் படித்தபோதே மகிழ்ச்சியாக இருந்தது. உங்கள் திட்டத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: அதன்படி நடந்தால் மூன்று நாளில் பெரும்பகுதியை வண்டிக்குள்தான் கழிப்பீர்கள். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரையான நேரமே மலையில் பறவைகளுக்கு உரிய நேரம். உங்களுக்குக் கிடைக்கப் போவது அப்படிப்பட்ட காலைப் பொழுதுகள் இரண்டு. அந்த இரண்டையும் எங்கே நின்று செலவிடுவது என்று மட்டும் முடிவு செய்தால் போதும்; மற்ற இடங்கள் எல்லாம் தானாகவே விலகிவிடும்.

ஏரியில் பறவை பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சோலை முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏரியில் பறவை வெட்டவெளியில் இருக்கிறது, நீங்கள் தேடிப்போகிறீர்கள். சோலையில் பறவை இருட்டுக்குள் இருக்கிறது, நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சோலை என்பது மலைமடிப்புகளில், ஓடை பிறக்கும் பள்ளங்களில், காற்றுக்கு ஒதுங்கி நெருக்கமாக வளர்ந்த குட்டையான காடு. மரங்கள் பெரும்பாலும் தென்னை உயரத்தை எட்டாது. கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். பகலிலும் உள்ளே மங்கலான வெளிச்சம்தான். உள்ளே நுழைந்து நடந்தால் சருகின் ஓசையில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அதே சோலையின் விளிம்பில், கிழக்குப் பார்த்த பக்கத்தில், வெயில் முதலில் விழும் இடத்தில் ஒரு மணிநேரம் அசையாமல் நின்றால், அல்லது உங்கள் தந்தையாரைப் போல ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வந்து முகம் காட்டும். முழங்கால் வலியால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. சோலைப் பறவை பார்க்க வேண்டிய முறையே அதுதான்.

டிசம்பரில் உதகையில் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் எழும். புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில் பூச்சிகள் அசைவதில்லை, ஆகவே பூச்சி தின்னும் பறவைகளும் அவசரப்படுவதில்லை. இருட்டோடு எழுந்து போய்க் காத்திருப்பதால் முதியவருக்குச் சளி பிடிக்குமே தவிர வேறு பயன் இல்லை. வெயில் இலை நுனியைத் தொட்ட பிறகு கால்மணிநேரத்தில் நிகழும் மாற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வரும்; அவற்றோடு பட்டாணிக்குருவி, சாம்பல்தலை ஈப்பிடிப்பான், மரத்தில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும் பசையெடுப்பான், வடக்கிலிருந்து வந்த இலைக்கதிர்க்குருவிகள் என்று ஒரு கலப்புக் கூட்டமே கடந்துபோகும். அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு அரைமணிநேரம் ஒன்றுமே இருக்காது. புதிதாக வருபவர்கள் அந்த அரைமணிநேரத்தில்தான் பொறுமையிழந்து வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எந்தப் பறவையை எந்த உயரத்தில் தேடுவது என்பதும் முக்கியம். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையிலிருந்து ஓராள் உயரத்துக்குள், புதர்க் கிளைகளில் இருக்கும். ஆணுக்குத் தலையும் சிறகும் கரிய நிறம், உடல் செம்மஞ்சள். மனிதரைக் கண்டு மிரளாது. ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். பூச்சியின் ரீங்காரம் போன்ற மெல்லிய கூரிய குரல் கேட்டால் அந்தப் பக்கம் கீழே பாருங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் அதற்கு மேல்தளத்தில், மரத்தின் நடுப்பகுதியில் இருக்கும். ஆண் கருநீலம், வாலின் அடியில் வெள்ளைத் தீற்று. காட்டுப்புறா உச்சியில், பழம் இருக்கும் மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சிறகடித்துப் பறக்கும் ஓசை கேட்ட பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரியவரும். சிரிப்பானைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஒன்று சிரிக்கத் தொடங்கினால் பக்கத்துப் புதரில் இருப்பவையும் சேர்ந்துகொள்ளும். உதகையில் வீட்டுத் தோட்டங்களிலேயே அதைப் பார்க்கலாம். சோலைக்கிளிதான் கடினம். பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி அன்று, ஒரு சிறு பறவை. அது ஓடையோரத்து இருட்டில், தரையில், விடியற்பொழுதிலும் அந்திப் பொழுதிலும் இரை தேடுவது. அதைப் பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

என் யோசனை இதுதான். வந்த பிற்பகலில் தாவரவியல் பூங்காவின் மேல்பகுதிக்குப் போங்கள். 1848-இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவின் புல்தரைகளில் கூட்டம் நெருக்கியடிக்கும். ஆனால் மேலே, தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தையை ஒட்டிய சரிவில், கூட்டம் குறைவு, மரங்கள் அதிகம். இரண்டாம் நாள் காலை தொட்டபெட்டாவுக்கான சாலையோரம் போதும். 2637 மீட்டர் உயரச் சிகரத்தின் காட்சிக்கோபுரத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை, போகும் வழியில் சோலை சாலையைத் தொடும் இடங்களே போதுமானவை. மூன்றாம் நாள் காலை எங்கள் ஊருக்கு வாருங்கள். லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ளது. கோத்தகிரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்தச் சோலை ஒரு நீராதாரம். 2024 ஜனவரியில் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உங்கள் கரைவெட்டியும் அதே அறிவிப்பில்தான் இடம்பெற்றது என்பதைச் சொன்னால் உங்கள் தந்தையார் மகிழ்வார் என்று நினைக்கிறேன். உள்ளே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மசினகுடியை இந்த முறை விட்டுவிடுங்கள். அது மலையின் மறுபக்கம், உதகையைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்ந்த வறண்ட காடு. பறவைகளும் வேறு, பார்க்கும் முறையும் வேறு. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடுகட்டும் வெண்முதுகுப் பாறுகளைப் பார்க்க நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கூடுகள் இருக்கும் பகுதி சுற்றுலாவுக்குத் திறந்ததில்லை, அப்படி இருப்பதே சரி. சாலையில் நின்று வானத்தில் வட்டமிடும் பாறுகளைப் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும்.

கடைசியாக, பாதுகாப்பு பற்றி ஒன்று. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் சாதாரணமாக உலவும், கரடிகளும் உண்டு. தலையை நிமிர்த்தி மரத்தையே பார்த்துக்கொண்டு நடப்பவர் எதிரே நிற்கும் காட்டெருமையைக் கவனிப்பதில்லை. ஆகையால் இருவரில் ஒருவர் எப்போதும் சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். காட்டெருமையைக் கண்டால் அது போகும்வரை வண்டிக்குள்ளேயே இருங்கள்.

குன்னூர்த் தோட்டக்காரி:

கோத்தகிரிவாசி ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்கள் இங்கே தடைசெய்யப்பட்டவை. வீட்டிலிருந்து எவர்சில்வர் போத்தல் கொண்டுவாருங்கள். வெள்ளையும் சிவப்பும் இல்லாத, மங்கிய நிறத்துச் சால்வையைத் தந்தையாருக்குக் கொடுங்கள்.

சிம்ஸ் பூங்காவை மாலையில் பார்க்க நினைத்தால், கீழே தண்ணீர் இருக்கும் பகுதிக்குப் படிகள் அதிகம். மேலே சாலையை ஒட்டிய இருக்கைகளில் அமர்ந்தே செம்மீசைச் சின்னான்களையும், அதிர்ஷ்டம் இருந்தால் சீகாரப் பூங்குருவியையும் பார்க்கலாம். மனிதர் சீட்டியடிப்பது போன்ற அதன் பாட்டைக் கேட்டுப் பலர் யாரோ சிறுவன் விளையாடுகிறான் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

ஈரோட்டு ஒளிப்படக்காரர்:

ஒலிபெருக்கி பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மலைகளில் படம் எடுக்கிறேன். மாற்றுக்கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

குரலை ஒலிக்கவிடுவதே பாவம் என்று பேசுவது எளிது. ஆனால் நடைமுறையில், ஒரு பறவையைத் தேடிப் பத்துப் பேர் புதரை மிதித்துக்கொண்டு ஓடையில் இறங்குவதைவிட, சாலையிலேயே நின்று முப்பது விநாடி குரலை ஒலிக்கவிட்டுப் பறவை வந்ததும் நிறுத்திவிடுவது அந்த இடத்துக்குக் குறைந்த தீங்கைத்தான் செய்கிறது. உலகெங்கும் பறவைக் கணக்கெடுப்பு ஆய்வுகளில் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். மேலும், டிசம்பர் இனப்பெருக்கக் காலம் அன்று. நடக்க முடியாத ஒரு முதியவர், வாழ்நாளில் ஒருமுறை வருபவர், ஒரு சோலைக்கிளியைப் பார்த்துவிட்டுப் போவதால் எதுவும் கெட்டுவிடாது. தொலைவிலிருந்து வருபவருக்கு உள்ளூரில் இருப்பவரைப் போல நாட்கணக்கில் காத்திருக்கும் வசதி இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோத்தகிரிவாசி:

நீங்கள் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். புதரை மிதித்துக்கொண்டு உள்ளே இறங்குவது அதைவிடக் கேடு என்பதில் ஐயமில்லை. ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு முறை, முப்பது விநாடி ஒலித்தால் பறவை செத்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் கவலை எல்லாம் அந்த ‘ஒரே ஒரு முறை’ என்ற கணக்கைப் பற்றியதுதான்.

சோலைப் பறவை வலசை போவதில்லை. குளிரிலும் மழையிலும் ஆண்டு முழுவதும் அதே பள்ளத்தில், அதே ஓடையோரத்தில் வாழ்கிறது. அதனுடைய குரல் என்பது ‘இந்த இடம் என்னுடையது’ என்ற அறிவிப்பு. அதே குரலை நாம் ஒலிக்கும்போது, தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு விரட்ட வருகிறது. அது நம்மைப் பார்க்க வரவில்லை, சண்டைக்கு வருகிறது. வந்து பார்த்தால் எதிரி இல்லை. தேடித் தேடிக் களைக்கிறது. நீலகிரிக்கு வருபவர்களுக்கு வழிகாட்டிகளும் இணையப் பட்டியல்களும் சொல்லும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே எல்லாரும் வந்து நிற்பது அதே வளைவில், அதே பாலத்தருகே. ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறைதான் வருகிறார்கள், ஆனால் அந்தப் பறவைக்கு அது தினமும் நடக்கிறது. உறைபனிக் காலத்தில், உணவு குறைந்த நாட்களில், பகற்பொழுது சுருங்கியிருக்கும்போது, ஒரு சிறு பறவை வீணாகச் செலவிடும் ஆற்றல் சிறியதன்று. டிசம்பர் இனப்பெருக்கக் காலம் இல்லை என்பது உண்மை. ஆனால் எல்லையைக் காக்கும் வேலைக்கு அதற்கு விடுமுறை இல்லை.

என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சோலை விளிம்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு சோலைக்கிளி இணை அந்தி நேரத்தில் பாதையோரத்துக்கு வந்து சருகைக் கிளறும். யாரிடமும் சொல்லாமல் மூன்று ஆண்டுகள் பார்த்துவந்தேன். பிறகு, நல்லெண்ணத்தில்தான், வெளியூரிலிருந்து வந்த நான்கு பேருக்குக் காட்டினேன். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அடுத்த ஏப்ரலில் ஒரே காலையில் மூன்று வண்டிகள் அங்கே நின்றிருந்ததையும், மூன்றிலிருந்தும் அதே குரல் ஒலித்ததையும் நான் என் காதால் கேட்டேன். முதலில் அந்த ஆண் ஒவ்வொரு முறையும் வெளியே வந்தது. ஜூன் மாதம் மழை தொடங்கும்போது வருவதை நிறுத்திவிட்டது. அதற்குக் காரணம் ஒலிபெருக்கிதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பூனையாகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தை வெளியே சொன்னவன் நான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்றுமுதல் சோலைக்கிளி, ஆந்தை, கூடு ஆகியவை இருக்கும் துல்லியமான இடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கணக்கெடுப்பு ஆய்வில் பயன்படுத்துகிறார்கள் என்றீர்கள். உரிய அனுமதி பெற்று, இத்தனை முறை, இவ்வளவு நேரம், இத்தனை நாள் இடைவெளியில் என்று வரையறுத்துக்கொண்டு செய்வது வேறு. படத்துக்காகப் பறவை முகத்தைத் திருப்பும்வரை ஒலிப்பது வேறு. காப்புக்காட்டுக்குள் பறவையைத் துன்புறுத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரக்கூடியது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

ஈரோட்டு ஒளிப்படக்காரர்:

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை, பறவைக்கு தினமும் என்ற கோணத்தில் நான் நினைத்துப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் வழக்கமாக நிற்கும் இடங்களும் எல்லாரும் அறிந்த இடங்கள்தான். ஆயினும் மனிதர் நடமாட்டம் இல்லாத இடத்தில், எப்போதாவது ஒருமுறை ஒலிப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க முடியாது என்ற கருத்தில் நான் இன்னும் இருக்கிறேன். அது ஒருபுறம் இருக்கட்டும். திருச்சி நண்பர் போகப்போகும் தொட்டபெட்டா சாலை அப்படிப்பட்ட இடம் அன்று. அங்கே ஒலிக்க வேண்டாம்.

பழனிமலைத் தமிழன்:

இழையின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட பறவைகளைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கொடைக்கானலுக்கு வரும் பயணிகள் பலர் தாங்கள் ‘நீலகிரிச் சிரிப்பானைப்’ பார்த்ததாக எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்கள் மலையில் இருப்பது பழனிச் சிரிப்பான். நீலகிரியில் இருப்பதற்குத் தொண்டையும் மார்பும் செம்பழுப்பு; இங்கே இருப்பதற்கு அவை சாம்பல் நிறம். சோலைக்கிளியும் அப்படியே: நீலகிரியில் இருப்பதற்கு விலாப்பக்கம் செம்பழுப்பாக இருக்கும், எங்கள் பக்கம் இருப்பதற்கு வயிறு வெள்ளை.

இடையில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்நிலத்தை நாம் ரயிலில் அரைமணிநேரத்தில் கடந்துவிடுகிறோம். குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வராத ஒரு சிறு பறவைக்கு அது கடலைப் போன்றது. இருபுறமும் பிரிந்துபோன குலங்கள் நெடுங்காலம் கலக்காமல் தனித்தனியே மாறிவந்திருக்கின்றன. தெற்கே செங்கோட்டைக் கணவாயும் அதே வேலையைச் செய்ததால் அசம்பு மலைக்கு என்று தனியாக ஒரு சிரிப்பானும் ஒரு சோலைக்கிளியும் உண்டு. 2017-இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் சோலைக்கிளிகளுக்கும் இந்த மலைச் சிரிப்பான்களுக்கும் தனித்தனியே புதிய பேரினங்கள் வகுக்கப்பட்டன. சோலைக்கிளிகளின் பேரினத்துக்கு ‘சோலிகோலா’ என்று பெயர். நம் ‘சோலை’ என்ற சொல் அறிவியல் பெயரில் ஏறியிருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆகவே மலைக்கு வருபவர்கள் எந்தக் கணவாய்க்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு பறவையின் பெயரை எழுதினால் பட்டியல்கள் சரியாக இருக்கும்.

நுவரெலியா வாசகி:

நான் இலங்கையின் மலையகத்திலிருந்து எழுதுகிறேன். குளிர்காலத்தில் நீலகிரிக்குப் போகின்றவர்கள் காஷ்மீர் ஈப்பிடிப்பானை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரிக்கும் அந்தச் சிறு பறவை, குளிர்காலத்தைக் கழிப்பதற்கு உங்களுடைய மலைகளுக்கும் எங்களுடைய மலைகளுக்கும்தான் வருகிறது. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். அதன் இரு ஓரத்திலும் கரிய கோடு இருக்கும்.

எங்களுடைய ஊரில் நகரின் நடுவே இருக்கும் விக்டோரியாப் பூங்காவிலேயே அதைப் பார்க்கலாம். பூங்காவின் ஓரத்தில் ஓடும் சிற்றோடையருகே ஆறுமணிக்குருவியும் குளிர்காலத்தில் வரும். அந்த ஓடையின் தண்ணீர் அழுக்கு, சுற்றிலும் சனநடமாட்டம். இருந்தாலும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றவர்கள் அங்கேதான் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். நகரத்துப் பூங்காவைக் குறைவாக எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஐயாவின் தகப்பனார் ஒரு இருக்கையில் இருந்துகொண்டே அதைப் பார்க்கக்கூடும்.

எமரால்டு ஆசிரியர்:

நெட்டைக்காலி பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன், ஏனென்றால் ஆறில் அதுதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. அது சோலைப் பறவை அன்று. மேல்மலைப் புல்வெளிக்கு உரியது. பழுப்பு நிறத்தில் கோடுகளோடு, பார்ப்பதற்கு எளிய தோற்றம் உடையது. அதனால் படம் எடுப்பவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

நீலகிரியின் புல்வெளிகளில் பெரும்பகுதியை நாம் இழந்துவிட்டோம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளின் மரக்கூழுக்கும் என்று புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் நடப்பட்டன. அன்று அவற்றை ‘வெற்று நிலம்’ என்று எழுதினார்கள். வெற்று நிலம் என்று சொல்லப்பட்ட இடத்தில்தான் நெட்டைக்காலி புல் தூருக்கடியில் கூடு கட்டி வாழ்ந்தது. இன்றைக்கும் சுற்றுலா வருபவர்கள் சீகைக் காட்டைப் பார்த்து ‘என்ன பசுமை’ என்று வியக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பசுமையின் உள்ளே போய் நின்றால் பறவைக் குரலே மிகக் குறைவாகத்தான் கேட்கும்.

அவலாஞ்சிக்குப் போனால் வனத்துறையின் வண்டியில் மட்டுமே உள்ளே அழைத்துச் செல்வார்கள். விரும்பிய இடத்தில் இறங்கி நிற்க முடியாது. பறவை பார்ப்பவருக்கு அது ஒத்துவராது. எங்கள் எமரால்டுப் பக்கம் வரும் சாலையில் புல்வெளி எஞ்சியிருக்கும் இடங்களில், சாலையை விட்டு இறங்காமல், வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். வண்டி என்பதே ஒரு நல்ல மறைவிடம். புல்லுக்குள் இறங்கி நடக்க மட்டும் வேண்டாம். உறைபனி படிந்த புல்லின் மேல் பதியும் கால்தடம் கருகி, நாட்கணக்கில் அப்படியே நிற்கும்.

கோவை மருந்தாளுநர்:

பைனாகுலர் பற்றி மட்டும் சொல்கிறேன். 10x25 என்றால் பத்து மடங்கு பெருக்கம், முன்வில்லையின் விட்டம் 25 மில்லிமீட்டர். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர்; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவுதான். 8x42 ஆக இருந்தால் அது ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். கரைவெட்டியின் வெயிலில் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது, ஏனென்றால் வெளிச்சத்தில் கண்மணியே சுருங்கியிருக்கும். சோலையின் இருட்டில் உங்கள் கருவியில் பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும். மேலும், பத்து மடங்குப் பெருக்கத்தில் முதியவரின் கைநடுக்கமும் பத்து மடங்காகும். இரண்டு நாளுக்கு யாரிடமாவது 8x42 இரவல் வாங்க முடிந்தால் வாங்கிச் செல்லுங்கள்.

திருச்சிப் பயணி:

போய்வந்துவிட்டோம். நன்றி சொல்லாமல் இந்த இழையை விட்டுவிட முடியாது. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவலாஞ்சி, கோடநாடு, மசினகுடி மூன்றையும் திட்டத்திலிருந்து நீக்கினேன். ஒலிபெருக்கியைக் கொண்டுபோகவில்லை. அலுவலகத்தில் ஒருவரிடம் 8x42 இரவல் கிடைத்தது. முதல் நாள் பிற்பகல் தாவரவியல் பூங்காவின் மேற்சரிவில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு நான் தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் இரண்டு கையையும் தூக்கி என்னை மெதுவாக வரச்சொல்லிக் காட்டினார். அவருக்கு எட்டடி தூரத்தில் நான்கு சிரிப்பான்கள் தரையில் இரை தேடிக்கொண்டிருந்தன. ‘இதுவா சிரிக்கும்?’ என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அவை சிரித்தன.

தொட்டபெட்டா சாலையில் மறுநாள் காலை இரண்டு மணிநேரம் ஒரே இடத்தில் இருந்தோம். முதல் ஒரு மணிநேரம் மூடுபனி; எதுவும் தெரியவில்லை. நான் மூன்று முறை வேறு இடம் போகலாம் என்றேன். அப்பா மறுத்துவிட்டார், வெயில் விழுந்தால் வரும் என்று எழுதியிருக்கிறார்களே என்றார். எட்டே கால் மணிக்கு வெயில் விழுந்தது. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று எங்களுக்கு எதிரே இருந்த காய்ந்த தண்டில் ஏழெட்டு முறை வந்து உட்கார்ந்தது. நீலகிரி ஈப்பிடிப்பான் இரண்டைப் பார்த்தோம். அன்று பிற்பகல் எமரால்டுச் சாலையில் வண்டிக்குள் இருந்தபடியே பழுப்பு நிறப் பறவை ஒன்றைப் பார்த்தோம். நெட்டைக்காலிதான் என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு அனுபவம் போதாததால் பட்டியலில் ‘நெட்டைக்காலி வகை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

லாங்வுட்டில் காட்டுப்புறா கிடைத்தது, சிறகோசை கேட்டுத்தான். சோலைக்கிளியைப் பார்க்கவில்லை. ஓடையோரத்தில் அதன் குரல் என்று வனப்பணியாளர் ஒருவர் சொன்னதைக் கேட்டோம், அவ்வளவே. காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கண்ணில் படவில்லை.

ஒரே ஒரு ஐயம். திரும்பும் வழியில் குன்னூருக்கு மேலே ஓடைக் கல் ஒன்றில், முதுகு சாம்பலாகவும் வாலடி நல்ல மஞ்சளாகவும் இருந்த பறவை ஒன்று வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அது எது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது மலைப்பறவைதானா?

கோத்தகிரிவாசி:

அது கருஞ்சாம்பல் வாலாட்டி ஐயா. எங்கள் மலையில் பிறந்ததில்லை, இமயத்துப் பக்கத்திலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் செப்டம்பர் வாக்கில் எங்கள் ஓடைகளுக்கு வந்து சேரும், ஏப்ரலில் கிளம்பிவிடும். மழை விட்டு முதல் வாலாட்டி வந்தவுடன் குளிர்காலம் தொடங்கிவிட்டதாக நாங்கள் கணக்கு வைப்போம். உங்கள் பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்; ‘நெட்டைக்காலி வகை’ என்று நீங்கள் எழுதியது மிகவும் சரி, அதை அப்படியே விடுங்கள். பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அப்போது கரைவெட்டியில் தந்தையாரோடு எண்ணியதை இங்கே எழுதினால் நாங்களும் படிப்போம்.